வாசித்து முடித்த பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,
சென்ற மாதம் மூன்று நாவல்கள் வாசித்தேன். இன்று கதாபாத்திரங்களின் பெயர்கள்கூட நினைவில்லை. ஒன்றை மூடியதும் கைப்பேசியைப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்துவிடுவேன். குறிப்பெடுத்து வாசிக்க வேண்டுமா? வல்லாரை சாப்பிட்டால் பயன் உண்டா?
ச.

அன்புள்ள ச.,

குறிப்பெடுப்பது உங்கள் விருப்பம். வல்லாரையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். புத்தகத்தை மூடிய கையோடு கைப்பேசியை எடுப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் சில காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அனுபவம் முடிந்ததும் மூளையின் வேலை முடிந்துவிடுவதில்லை. எலிகள் நடமாடும்போது, நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் சேர்ந்து கிளர்ந்த செல்கள், பின்னர் அவை உறங்கும்போதும் சேர்ந்தே கிளர்கின்றன என்று 1994இல் மாத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் காட்டினார்கள். 2006இல் டேவிட் ஃபாஸ்டரும் வில்சனும் கண்டது இன்னும் வியப்பானது: ஓடி முடித்து விழித்தபடியே நின்ற எலியின் மூளையில், அது கடந்து வந்த பாதை கடைசியிலிருந்து தொடக்கம் நோக்கி, நொடியின் சிறு பகுதிக்குள் மீண்டும் ஓடியது. பயிற்சிக்குப் பிந்தைய உறக்கத்தில் இத்தகைய மறுஓட்டங்கள் நிகழும் மின்னலைகளைக் குலைத்தபோது எலிகள் பாதையைக் கற்பதில் பின்தங்கின என்பது 2009இல் வெளியான ஆய்வு.

மனிதர்களிடமும் இதையொட்டிய சான்று உண்டு. 2012இல் மிகேலா டூவார் குழுவினர் முதியவர்களுக்கு இரண்டு சிறு கதைகளைச் சொன்னார்கள். ஒன்றுக்குப் பின் பத்து நிமிடம் சும்மா இருக்கவிட்டார்கள். மற்றதற்குப் பின் படங்களில் வித்தியாசம் கண்டுபிடிக்கும் விளையாட்டைக் கொடுத்தார்கள். ஏழு நாள் கழித்தும் ஓய்வுக்கு முன் கேட்ட கதையே கூடுதலாக நினைவில் இருந்தது.

என் தாத்தா கூத்து பார்த்துவிட்டு விடியலில் திரும்பும்போது வீடு வந்து சேரும்வரை எங்களைப் பேசவிட மாட்டார். நாங்கள் முணுமுணுத்தபடி வரப்பில் நடப்போம். ஆனால் துகிலுரிதலில் பாஞ்சாலி வேடம் கட்டியவரின் கம்மிப்போன குரலும், வியர்வையில் கரைந்து கழுத்தில் இறங்கிய அரிதாரமும் இன்றும் அப்படியே இருக்கின்றன. அந்த மௌனம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பங்கே இல்லை என்று நம்பவும் என்னால் முடியவில்லை.

நீங்களோ அந்த வரப்பையே உழுதுவிட்டீர்கள். ஒருவர் பல ஆண்டு உழைத்து எழுதிய நாவலுக்குப் பத்து நிமிடம் தர மனமில்லாதவர், தன் நினைவாற்றலைக் குறை சொல்வது நியாயமே இல்லை. மாதத்துக்கு மூன்று என்று யார் உங்களிடம் கணக்குக் கேட்டார்கள்? ஒன்று போதும். கடைசிப் பக்கத்துக்குப் பின் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள், அன்றிரவு நன்றாகத் தூங்குங்கள். ஒரு வாரம் கழித்து என்ன மிஞ்சியது என்று அவசியம் எழுதுங்கள், காத்திருப்பேன்.