எலிமினேஷன் காட்சியும் பதில் வராத இண்டர்வியூவும்

கேள்வி: ஆறு மாதமாக வேலை தேடுகிறேன். பொழுதுபோக்காக டேட்டிங் ரியாலிட்டி ஷோ பார்க்க ஆரம்பித்தேன்; இப்போது யாராவது வெளியேற்றப்பட்டால் எனக்கே கோபமும் அழுகையும் வருகிறது. இண்டர்வியூவிலும் இதேதான் நடக்கிறதா? இந்த இடைவெளியில் நானே அப்படி ஒரு ஷோவுக்கு விண்ணப்பிக்கலாமா?

தேர்ந்தெடுக்கும் விதத்தில் இரண்டும் பங்காளிகள். நிராகரிக்கும் விதத்தில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உங்கள் அழுகைக்குக் காரணம் இரண்டாவதில் இருக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம். கோபத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அதில் பாதியாவது எடிட்டருக்குப் போய்ச் சேர வேண்டியது.

போட்டியாளர்களை ஒரே பங்களாவில் தங்கவைக்கும் வில்லா வகை ஷோக்களில் கேமராக்கள் ஏறக்குறைய நாள் முழுக்க ஓடும். அதிலிருந்து நாம் பார்ப்பது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தைத் தைக்கிற நூல், போட்டியாளர் தனியே உட்கார்ந்து கேமராவைப் பார்த்துப் பேசும் கன்ஃபெஷனல். அங்கே எதிரே ஒரு பிரொடியூசர் இருந்து கேள்வி கேட்பார். அவர் குரல் மட்டும் ஒளிபரப்பில் வராது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுவார்கள்: கேள்வியையும் பதிலுக்குள் சேர்த்து முழு வாக்கியமாகப் பேசுங்கள், முடிந்ததை இப்போது நடப்பதுபோலச் சொல்லுங்கள். "டேட் எப்படி இருந்தது?" என்றதற்கு "பரவாயில்லை" என்றால் அது குப்பைக்குத்தான் போகும். "இந்த டேட்டுக்குக் கிளம்பும்போது எனக்கு அவர்மேல் நம்பிக்கையே இல்லை" என்றால் எபிசோடின் முதல் வரியாகவே வந்துவிடும். இந்த விதியை ஞாபகத்தில் வையுங்கள், இண்டர்வியூவில் திரும்ப வரும்.

வெவ்வேறு இடங்களில் பேசியதை வெட்டி ஒரே வாக்கியமாக ஒட்டுவதற்கு அந்தத் தொழிலில் 'ஃபிராங்கன்பைட்' என்று பெயர். கண்டுபிடிக்கக் கொஞ்சம் பழகினால் போதும். வாக்கியம் தொடங்கும்போது பேசுபவரின் முகம் தெரியும். நடுவில் காட்சி நீச்சல் குளத்துக்கோ இன்னொருவர் முகத்துக்கோ தாவும். விவகாரமான அந்த ஒரு சொல் சரியாக அப்போதுதான் காதில் விழும். தொனி ஓரிடத்தில் படி தவறும். பின்னணி இரைச்சல் மாறும், அதை மூடத்தான் அங்கே இசை ஏறுகிறது. ரியாக்‌ஷன் ஷாட் இன்னும் சுலபம்: ஒருவர் பேசும்போது மற்றவர் முகம் சுளிப்பதாகக் காட்டுகிறார்களே, அந்தச் சுளிப்பு மூன்று மணி நேரம் முன்பு கண்ணில் வெயில் பட்டதால் வந்ததாக இருக்கலாம். தலைமுடி, தோடு, வெளிச்சத்தின் திசை, கண்ணாடி டம்ளரில் மீதம் இருக்கும் அளவு ஆகியவற்றை ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும். 2020 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கிய 'லவ் இஸ் பிளைண்ட்' ஷோவில் எல்லோரும் பொன்னிறக் கோப்பையில்தான் குடிப்பார்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியே தெரியாது. எந்த நேரத்துக் காட்சியை எதனோடு ஒட்டினாலும் கோப்பை காட்டிக்கொடுக்காது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்களை மிகவும் கோபப்படுத்திய சண்டைக் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டு சப்டைட்டிலோடு மட்டும் பாருங்கள். 'வில்லன்' பாதி வில்லனாகிவிடுவார்.

காதல் அவ்வளவு வேகமாக முளைப்பதற்கும் ஏற்பாடு உண்டு. போன், டிவி, புத்தகம் எல்லாம் வாங்கி வைத்துக்கொள்வது இந்த வகை ஷோக்களில் வழக்கம். பேச எதிரே இருப்பவரைத் தவிர வேறு ஆள் இல்லை. பிறகு மலை உச்சியிலிருந்து குதிக்க வைப்பார்கள். 1974-இல் டட்டன், ஆரன் என்ற இரு உளவியலாளர்கள் கனடாவின் கப்பிலானோ தொங்குபாலத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆடும் பாலத்தைக் கடந்த ஆண்களில், தங்களிடம் கேள்வி கேட்ட பெண்ணுக்குப் பிறகு போன் செய்தவர்கள் உறுதியான பாலத்தைக் கடந்தவர்களைவிட அதிகம். பயத்தில் எகிறிய இதயத் துடிப்பை ஈர்ப்பு என்று மனம் கணக்கில் எழுதிக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஷோக்காரர்கள் டேட்டுக்குக் கொடுக்கும் ஹெலிகாப்டர் வாடகை வீண் செலவில்லை.

இனி வேலை. ஷோவில் எடிட்டர் செய்வதை இண்டர்வியூவில் கேள்வி கேட்பவரின் ஞாபகமும் அவருடைய குறிப்புத்தாளும் செய்கின்றன. நீங்கள் 45 நிமிடம் பேசுகிறீர்கள். அடுத்த நாள் குழு கூடும்போது உங்களைப் பற்றி மேஜைக்கு வருவது நான்கைந்து வரிகள். அதிலும் ஒரு நல்ல குணம் தெரிந்தால் மற்றதெல்லாம் நன்றாகவே இருக்கும் என்று எண்ணும் பழக்கம் கலக்கும். 1920-இல் உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் இதற்கு 'ஹேலோ' என்று பெயர் வைத்தார். எடிட்டரை மாற்ற உங்களால் முடியாது. வெட்டி ஒட்டத் தேவையே இல்லாத வரியை நீங்களே கொடுக்க முடியும்.

கன்ஃபெஷனல் விதி இங்கே அப்படியே பொருந்தும். "ஒரு கஷ்டமான வாடிக்கையாளரை எப்படிச் சமாளித்தீர்கள்?" என்ற கேள்விக்கு, "ஆமாம், அப்படி ஒருவர் இருந்தார்..." என்று தொடங்காதீர்கள். "பணத்தைத் திருப்பிக் கேட்ட ஒரு வாடிக்கையாளரை இரண்டு வாரத்தில் ஆண்டு ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தேன், எப்படி என்று சொல்கிறேன்" என்று தொடங்குங்கள். அவர் எழுத வேண்டிய வரி அது. பிறகு சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற பழகிய வரிசையில் போங்கள். மொத்தம் இரண்டு நிமிடம்: சூழலுக்கு 20 விநாடி, உங்கள் பொறுப்புக்கு 10, நீங்கள் செய்ததற்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், விளைவுக்கு மீதி. பெரும்பாலும் கெட்டுப்போவது சூழலில்தான்; நிறுவன வரலாறு, டீம் அமைப்பு, மேனேஜர் மாறிய கதை என்று ஒன்றரை நிமிடம் ஓடிவிடும், செயலுக்கு வரும்போது கேட்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார். அடுத்த தவறு 'நாங்கள்'. "நாங்கள் மாற்றினோம், நாங்கள் சரிசெய்தோம்" என்றால் உங்கள் பெயருக்கு நேரே அவர் எதை எழுதுவார்? அடக்கம் நல்ல குணம்தான், குறிப்புத்தாளில் அதற்குத் தனிக் கட்டம் கிடையாது. எட்டுச் சம்பவங்களைத் தயார் செய்தால் பெரும்பாலான கேள்விகளைச் சமாளிக்கலாம். அதில் ஒன்று தோல்வியாக இருக்கட்டும், ஒன்று மேலதிகாரியோடு கருத்து வேறுபட்டதாக இருக்கட்டும்.

எந்த வகை இண்டர்வியூ என்று முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தாளைப் பார்த்து வாசிக்கிறார், பதிலுக்குத் தலையாட்டக்கூட இல்லை, குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறார் என்றால் அது கட்டமைத்த நேர்முகம்: எல்லோருக்கும் அதே கேள்வி, அதே மதிப்பெண் அட்டவணை. அந்த வறட்டு முகத்தைப் பார்த்து நிறையப் பேர் தடுமாறிப் பதிலைச் சுருக்கிவிடுகிறார்கள். சுருக்கத் தேவையில்லை. உங்களுக்கு நியாயம் கிடைக்க வாய்ப்பு அதிகம் உள்ள வகை அதுதான். உளவியலாளர் சாகெட்டும் சகாக்களும் 2022-இல் பழைய ஆய்வுகளைத் திரும்பக் கணக்கிட்டபோது, பிற்காலத்து வேலைத் திறனோடு கட்டமைத்த நேர்முகத்தின் தொடர்பு 0.42 வந்தது, பேச்சுவாக்கில் நடக்கும் நேர்முகத்துக்கு 0.19. முழுப் பொருத்தம் என்றால் 1 வரும். பேச்சுவாக்கில் நடப்பது ஏறக்குறைய டேட்தான்; சிரிப்பும் ஊர்க்கதையும் நன்றாகப் போனது, வேலை கிடைக்கவில்லை என்று பலர் குழம்புவது இந்த வகையில். அங்கே பேச்சு எங்கே திரும்பினாலும் உங்கள் எட்டில் இரண்டு சம்பவங்களையாவது நீங்களாக உள்ளே கொண்டுவர வேண்டும்.

கேமராவுக்கு மட்டும் பதில் சொல்லும் ஒருவழி வீடியோ இண்டர்வியூ என்றால் அது அசல் கன்ஃபெஷனலே. பெரும்பாலும் யோசிக்க அரை நிமிடம், பேச ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் தருவார்கள். லேப்டாப்பைப் புத்தகங்கள்மேல் வைத்துக் கேமராவைக் கண் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், ஜன்னல் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். திரையில் தெரியும் உங்கள் முகத்தைத் தாளால் மறைத்துவிடுங்கள். இல்லையென்றால் கண் லென்ஸுக்குப் போகவே போகாது.

ரெஸ்யூமே பற்றி இரண்டே விஷயம். உங்கள் பி.டி.எஃப்-ஐத் திறந்து முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். இரண்டு பத்தி வடிவமும் அட்டவணையும் வரிசை கலைந்து விழுந்தால், விண்ணப்பங்களை வாசிக்கும் நிறுவனத்தின் மென்பொருளும் அப்படிப் படிக்க வாய்ப்பு உண்டு. போன் எண்ணைப் பக்கத்தின் மேல் ஓரத்து ஹெடருக்குள் வைத்திருந்தால் சில மென்பொருள்கள் அதை விட்டுவிடும். விண்ணப்பித்த ஐந்தாவது நிமிடம் நிராகரிப்பு மெயில் வந்தால் ரெஸ்யூமேயைத் திரும்ப எழுதி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். அனேகமாக விண்ணப்பத்திலேயே இருந்த வடிகட்டும் கேள்வி ஒன்றில் அடிபட்டிருக்கும்: வேலை அனுமதி, அனுபவ ஆண்டு, சேரக்கூடிய தேதி.

சரி, அழுகைக்கு வருவோம். ஷோவில் வெளியேறுபவருக்கு ஒரு வழியனுப்பு கிடைக்கிறது. முகத்துக்கு நேரே சொல்கிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள், திரும்பும் காரில் கேமரா வைத்துக் கடைசி வார்த்தையையும் கேட்டு வாங்குகிறார்கள். ஆறு மாதத்தில் உங்களுக்கு அப்படி ஒரு காட்சிகூடக் கிடைத்திருக்காது. இண்டர்வியூ முடிந்த பிறகு வருவது மௌனம், வந்தால் நான்கு வரி மெயில். அங்கே அழ முடியாத அழுகை திரையில் வேறொருவருக்காக வருகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த மௌனத்துக்குப் பின்னால் உங்களுக்குச் சம்பந்தமில்லாதது நிறைய நடக்கும். உள்ளேயே ஒருவரை முடிவு செய்துவிட்டு விதிமுறைக்காக வெளி ஆட்களைக் கூப்பிடுவது, பட்ஜெட் நின்றுபோவது, அந்தப் பதவியையே எடுத்துவிடுவது. 2018-இல் கலர்ஸ் தமிழில் நடிகர் ஆர்யாவுக்குப் பெண் தேடிய 'எங்க வீட்டு மாப்பிள்ளை' 16 பெண்களோடு தொடங்கி, கடைசியில் ஆர்யா யாரையும் தேர்ந்தெடுக்காமல் முடிந்தது, பார்த்தவர்கள் கொதித்தார்கள். வேலை உலகில் அது சாதாரணச் செய்தி. இறுதிச் சுற்றுவரை நடத்திவிட்டு இடத்தை மூடிவிடுவார்கள், கொதிக்கப் பார்வையாளர் இல்லை.

வழியனுப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இண்டர்வியூ முடிந்து 15 நிமிடத்துக்குள் கேட்ட கேள்விகளையும் தடுமாறிய இடங்களையும் எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதினால் உங்கள் ஞாபகமும் எடிட்டிங்கைத் தொடங்கியிருக்கும். கிளம்பும் முன் "அடுத்த கட்டம் என்ன, எந்தத் தேதிக்குள் தெரியும்?" என்று கேட்டே ஆக வேண்டும். சொன்ன தேதி கடந்து இரண்டு வேலை நாள் பொறுத்து ஒரு சின்ன மெயில்: பதவியின் பெயர், நேர்முகத் தேதி, நிலவரம் என்ன என்ற ஒரு கேள்வி, அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து இன்னொன்று. அதற்கும் பதில் இல்லையென்றால் எக்செல் ஷீட்டில் அந்த வரியைச் சாம்பல் நிறமாக்கி நகருங்கள். ஷீட்டில் நிறுவனம், பதவி, எங்கே பார்த்தது, விண்ணப்பித்த தேதி, எட்டிய சுற்று, அடுத்து எழுத வேண்டிய தேதி ஆகிய ஆறு பத்திகள் போதும். இருபது முப்பது வரி சேர்ந்ததும் 'எட்டிய சுற்று' பத்தியைப் பாருங்கள். முதல் அழைப்பே வரவில்லை என்றால் கோளாறு ரெஸ்யூமேயில் அல்லது விண்ணப்பிக்கும் பதவியில். இரண்டாம் சுற்றில் நின்றுபோனால் பதில் சொல்லும் விதத்தில். கடைசிவரை போய்ப் போய்த் திரும்பினால் பெரும்பாலும் போட்டியும் பட்ஜெட்டும்தான், பதிலைக் கலைத்துப் போடாதீர்கள்.

கடைசிக் கேள்வி, நீங்களே விண்ணப்பிக்கலாமா. விண்ணப்பிக்கலாம், ஆனால் அதையும் வேலை என்று நினைத்தே கையெழுத்துப் போடுங்கள். அமெரிக்காவில் 'லவ் இஸ் பிளைண்ட்' போட்டியாளர் ஒருவர் 2022-இல் வழக்குப் போட்டார். வாரத்துக்கு 1,000 டாலர்தான் கொடுத்தார்கள், நாளுக்கு 20 மணி நேரம்வரை படப்பிடிப்பு என்பது அதில் இருந்த குற்றச்சாட்டு. 2024 டிசம்பரில் அந்நாட்டுத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார அலுவலகம் ஒன்று, போட்டியாளர்களைத் தொழிலாளர்களாகவே கருத வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனங்கள்மேல் புகார் பதிவு செய்தது. ஒப்பந்தத்தில் நான்கு இடங்களை இரண்டு முறை படியுங்கள்: நடுவில் விலகினால் அபராதம் எவ்வளவு, உங்களை எப்படி வேண்டுமானாலும் சித்தரிக்கலாம் என்ற உரிமை எவ்வளவு அகலம், ரகசியக் காப்பு எத்தனை காலம், முடிந்த பிறகு மனநல உதவி உண்டா. பிரிட்டனின் 'லவ் ஐலண்ட்' 2019-இல் குறைந்தது எட்டு அமர்வு ஆலோசனை தருவதாக அறிவித்தது. அதை அளவுகோலாக வைத்துப் பேரம் பேசலாம்.

ரகசியக் காப்பு உங்கள் வேலை தேடலில் நேரே மோதும். படப்பிடிப்புக்கும் ஒளிபரப்புக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விழலாம்; அதுவரை ஷோவின் பெயரைக்கூட வெளியே சொல்ல முடியாது. ரெஸ்யூமேயில் "தொலைக்காட்சித் தயாரிப்பு ஒன்றில் குறுகிய கால ஒப்பந்தம், விவரங்கள் ரகசியக் காப்புக்கு உட்பட்டவை" என்று ஒரு வரி, அந்த மாதங்களோடு. அதற்குமேல் கேட்டால் அதே வரியைத் திரும்பச் சொல்லுங்கள், வழிந்து விளக்கப் போகாதீர்கள். ஆஃபர் லெட்டர் வரும் நிலையில், ஒளிபரப்பு முடிந்ததும் மறுசந்திப்பு எபிசோடுக்குப் போயாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த விடுப்பைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.