தேடியும் கிடைக்காத தோட்டம்

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர். மூடிவிட்ட ஒரு தோட்டத்தின் கோயில் கமிட்டிக் குறிப்புகள், பள்ளி ஏடுகள், கடிதங்கள் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து கணினியில் வைத்திருக்கிறேன். தட்ட முடியாததை ஸ்கேன் எடுத்தோம். அக்காள் மகன் ரிப்கிரெப்பை (கோப்புகளுக்குள் சொல் தேடும் நிரல்) வைத்து ஒரு தேடுகருவி செய்து, கேள்வி கேட்டால் தானே தேடிப் பதில் சொல்லும் ஏஐ ஏஜென்ட்டோடு இணைத்துக் கொடுத்தான். ஏஜென்ட் படிப்பதற்காகக் கருவிக்கான விளக்கத்தை நான்தான் எழுதினேன், பல பக்கம். ஆனாலும் 'தோட்டத்தில் சம்பள உயர்வு பற்றிப் பேசினார்களா?' என்று கேட்டால் 'அப்படி எந்தக் குறிப்பும் இல்லை' என்கிறது. என் கையால் தட்டிய வரி அது! விளக்கத்தில் என்ன குறை? அதைத் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் அனுப்பிய விளக்கத்தைப் படித்தேன். மனிதர்கள் படிக்க நல்ல கையேடு. நிறுவும் முறை, வேகம், ஒவ்வொரு சுவிட்ச்சும் என்ன செய்யும், எல்லாம் இருக்கிறது. ஏஜென்ட்டுக்கு இதில் முக்கால்வாசி வேண்டாம். அது ஒவ்வொரு உரையாடலிலும் தோட்டத்து ஆபீசுக்குப் புதிதாக வந்து உட்காரும் கிராணி (எழுத்தர்) மாதிரி. நேற்றுக் காட்டிய அலமாரி இன்றைக்கு ஞாபகம் இருக்காது. எம்சிபி வழியாக இணைத்திருந்தால் (ஏஜென்ட்டையும் கருவியையும் இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறை) கருவியின் பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு தரலாம் என்பது, பெரும்பாலும் இவ்வளவுதான் அதன் கண்ணில் படும்.

கருவி எதைத் தேடாது என்பதை நீங்கள் எங்கும் எழுதவில்லை. ரிப்கிரெப்பிடம் தனியாகச் சொல்லாவிட்டால் மறைகோப்புகளைத் தொடாது, கிட்இக்னோர் பட்டியலில் (ஒதுக்கிவிடச் சொல்லி எழுதிவைக்கும் கோப்புப் பட்டியல்) உள்ளவற்றைத் தொடாது, படம் போன்ற, எழுத்தாக இல்லாத பைனரி கோப்புகளில் தேடாது. உங்கள் ஸ்கேன்களில் உள்ள எழுத்து எதுவும் அதற்குத் தெரியாது. நாம் தேடி ஒன்றும் வரவில்லையென்றால் 'அதெப்படி?' என்று இன்னொரு தடவை பார்ப்போம். ஏஜென்ட் பல நேரம் அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு, உங்களுக்கு அழகான வாக்கியமாகச் சொல்லிவிடும். ஆகவே முதல் வரியிலேயே எழுதுங்கள்: 'தட்டச்சு செய்த கோப்புகளில் மட்டும் தேடும், ஸ்கேன்களில் தேடாது. ஒன்றும் வராவிட்டால் வேறு சொல்லால் தேடு.' எத்தனை கோப்பில் தேடியது, எத்தனை ஸ்கேனை விட்டுவிட்டது என்று கருவியே பதிலோடு சொன்னால் இன்னும் நல்லது. ரிப்கிரெப் கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, பிழை என்றால் 2 என்று ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 1, 2 இரண்டும் ஏஜென்ட்டுக்கு ஒரே வெற்று விடையாகப் போகாமல் மருமகன் பார்த்துக்கொள்ளட்டும்.

ஏஜென்ட் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடியது என்று பார்த்தீர்களா? 'ஊதிய உயர்வு' என்று போட்டிருக்கும். கமிட்டிக் குறிப்பில் 'சம்பளம் கூட்டிக் கேட்பது' என்றிருக்கும். உங்கள் வட்டாரத் தோட்டங்களில் 1948 ஜூனில் நடந்த கொலைகளை ஒட்டி வந்த அவசரகாலத்தை அது அப்படியே 'அவசரகாலம்' என்று தேடும். ஏட்டில் 'எமர்ஜென்சி' என்றிருந்தால் தீர்ந்தது. வருகைப் பதிவேட்டைத் தேடினால் செக்ரோல் வராது. இந்த மாதிரிச் சொற்களை ஒரு தனிக் கோப்பில் போட்டு, 'தேடுமுன் இதைப் படி' என்று விளக்கத்தில் ஒரு வரி சேருங்கள். உங்களால்தான் முடியும், மருமகனால் முடியாது.

இலக்கணமும் காலை வாரும். 'தோட்டம்' என்று தேடினால் 'தோட்டத்தில்' வராது, 'தோட்டத்துக்கு' வராது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவிக்கு வேற்றுமை உருபு எங்கே தெரியும்? 'தோட்ட' என்று வெட்டிப் போட வேண்டும். இதை உதாரணத்தோடு எழுதுங்கள்.

அப்புறம் ஒரு வில்லங்கம். இதை விளக்கத்தில் எழுத வேண்டாம், கருவியிலேயே சரிசெய்துவிடுங்கள். கணினி எழுத்துகளைப் பதிவுசெய்யும் யூனிகோடில் 'தோ' இரண்டு விதமாகப் பதிவாகலாம்: 'த'வோடு ஓகாரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது 'த'வுக்குப் பின் இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ரிப்கிரெப்புக்கோ இரண்டும் வேறு வேறு. ஏட்டில் பாதியை நீங்களும் பாதியை வேறொருவரும் வேறு வேறு மென்பொருளில் தட்டியிருந்தால் பாதித் தோட்டம் காணாமல் போயிருக்கும். எல்லாக் கோப்புகளையும், தேடவரும் சொல்லையும், என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டு விதத்தையும் ஒரே விதமாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றச் சொல்லுங்கள். நிரலில் ஒரு வரி வேலை. திருத்த முடிகிற குறையை விளக்கத்தில் எழுதி வைப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

எழுதியபின், விடை தெரிந்த சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பதிலைவிட அது தேடிய சொற்களைக் கவனியுங்கள். எந்தச் சொல்லில் வழுக்குகிறதோ அங்கே விளக்கத்தில் ஒரு வரி குறைகிறது.

மொழி எதுவானாலும் சரி. ஆங்கிலம் என்றால் பெரும்பாலும் இடம் குறைவாகப் பிடிக்கும், அவ்வளவுதான். உதாரணச் சொற்களை மட்டும் தமிழிலேயே, ஏட்டில் உள்ள எழுத்துக்கூட்டலோடு கொடுங்கள். ஏட்டில் 'சுங்கை சிபுட்' என்று இருந்தால் அதைத் திருத்தாமல் அப்படியே.