குதிரைக்குட்டிக்குத் தொடையில் சதை பிடிக்கவில்லையா? முதலில் கயிற்றை அவிழுங்கள்

கேள்வி: சென்ற ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் ஏழு மாதக் கத்தியவார் ஆண்குட்டி வாங்கினேன். இப்போது பதினான்கு மாதம். உயரம் வந்துவிட்டது, தொடையும் முதுகும் வற்றிக் கிடக்கின்றன. கோ-4 புல், இரண்டு கிலோ தவிடு, கடலைப் புண்ணாக்கு கொடுக்கிறேன். வேப்பமரத்தடியில் கட்டியிருக்கிறேன். தீவனக் கடைக்காரர் சதை பிடிக்கப் பவுடர் தருகிறார், ஊசியும் இருக்கிறது என்கிறார். வரும் ஆடிக்குள் ரேக்ளாப் பந்தய வண்டியில் பூட்ட வேண்டும். எந்தப் பவுடர் நல்லது?
- கோபிசெட்டிபாளையம் பக்கத்து விவசாயி

பதில்: தம்பி, பவுடரைவிட உங்கள் குட்டி பகல் முழுக்க எங்கே நிற்கிறது என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இந்த வயதில் குட்டி ஒடிசலாகத்தான் இருக்கும். ஒரு வயதுக்குள் முழு உயரத்தில் சுமார் 90 சதவீதம் வந்துவிடும், எடை மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும். சதைக்குள் இருக்கும் நார்களின் எண்ணிக்கை பிறக்கும்போதே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. அப்புறம் இருக்கிற நார்கள் நீளவும் தடிக்கவும் வேண்டும். அசைவு இல்லாமல் அவை தடிக்காது.

அவிழ்த்துவிட்ட குட்டியைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தலையைத் தாழ்த்தி மேய்ந்துகொண்டே நகரும். திடீரென்று பாயும். வேலி ஓரம் வந்ததும் பின்னங்கால்களை வயிற்றுக்கடியில் கொண்டுவந்து சட்டென்று நின்று திரும்பும். தலை தாழ்ந்த நடையில் முதுகுச் சதை வேலை செய்கிறது, அந்தச் சட்டென்ற நிறுத்தத்தில் தொடையும் புட்டமும். கட்டுத்தறியில் இதில் எதுவும் நடக்காது. காலையில் கயிறு பிடித்து வட்டமாக ஓட்டினால் போதும் என்பார்கள். வளரும் மூட்டுக்கு ஒரே வட்டம் கெடுதல், ஒத்துக்கொள்ளாதீர்கள். காங்கேயம் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் கிளுவைச் செடி வேலிக்குள் கன்றுகளை விடுகிறார்களே, அதேபோல் அரை ஏக்கராவது ஒதுக்குங்கள். முள்கம்பி வேண்டாம். துணைக்கு ஒரு வயசான குதிரை இருந்தால் இன்னும் நன்றாக ஓடும். இந்த ஒன்றைச் செய்யாமல் வேறு எதற்குப் பணம் போட்டாலும் வீண்.

இனி தீவனம். புரதம் எவ்வளவு என்பதோடு, அதில் சதை வளரத் தேவையான லைசின் என்ற புரதக்கூறு எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். கடலைப் புண்ணாக்கில் அது குறைவு. ஊறவைத்து வேகவைத்த கொள்ளு அரைக்கிலோ, பச்சைக் குதிரைமசால் (லூசர்ன்) ஐந்து கிலோ, வயிறு நிறையக் காய்ந்த சோளத்தட்டு, உப்புக்கட்டி. இவற்றுக்குப் படிப்படியாக மாற்றுங்கள். தவிட்டைக் கைப்பிடியளவுக்குக் குறையுங்கள். அதில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச்சத்து சொற்பம். கோ-4 புல்லில் உள்ள ஆக்சலேட் என்ற உப்பு, தின்கிற சுண்ணாம்புச்சத்தையும் பிடித்துக்கொள்ளும். மாட்டின் பெருவயிற்றில் ஆக்சலேட் சிதைந்துவிடும், குதிரைக்கு அந்த வயிறே கிடையாது. இரண்டும் சேர்ந்தால் எலும்பு இளகி முகம் வீங்கும்.

பவுடர் டப்பாவில் லைசின் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஊசி வேண்டவே வேண்டாம். சதைக்கென்று கொடுப்பது பெரும்பாலும் ஆண் ஹார்மோன் வகை. நிறுத்தினால் சதை இறங்கிவிடும், விதை வளர்ச்சி கெடும், குட்டி முரடாகும். மருத்துவர் எழுதாமல் இதை விற்பவர் உங்கள் குட்டியின் பகைவர். கோழித் தீவனம் போட்டால் சதை பிடிக்கும் என்றும் சிலர் சொல்வார்கள். அதில் கோழிகளின் குடல்நோயைத் தடுக்கச் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து கலந்திருந்தால் குதிரையின் இதயத்தசை செத்துப்போகும், காப்பாற்றுவது கடினம்.

வரும் ஆடிக்கு ரேக்ளா கூடாது. முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ள வளர்தட்டு, அதாவது எலும்பு நீளுகிற குருத்துப் பகுதி, மூட இரண்டு, இரண்டரை வயதாகும். முதுகெலும்பு முழுதாக முற்ற ஐந்து வயதுகூட ஆகும். இரண்டரைக்கு மேல் வெறும் வண்டியில் நடை பழக்கலாம். பந்தயத்தை நான்கு வயதுக்குத் தள்ளுங்கள்.

இன்றே ஒரு வேலை: முன்னங்கால் முட்டிக்குச் சற்று மேலே, உள்பக்கம் கையை வைத்துப் பாருங்கள். சூடாக, கெட்டியாக முடிச்சு தட்டுப்பட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது சாணத்தையும் எடுத்துப்போய்ப் புழு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். புழு இருக்கிற குட்டிக்குக் கொள்ளு போட்டும் தேறாது.