கூலிங் வாட்டர் கசிவு: கடலூர், புதுச்சேரி வாசகர் கேள்விகள்

எங்கள் கூலிங் டவரில் மணிக்கு 1,000 கன மீட்டர் நீர் சுற்றுகிறது, வெப்ப வித்தியாசம் 6 டிகிரி. மேக்கப் (இழப்பை ஈடுகட்ட விடும் புது நீர்) மணிக்கு 12-லிருந்து 15 கன மீட்டராகிவிட்டது. எங்கே தோண்டுவது? (கடலூர் சிப்காட்)

மண்வெட்டி எடுக்குமுன் குளோரைடு பாருங்கள்; நீர் ஆவியானாலும் அந்த உப்பு தங்கிவிடும். ஆவியாவது 1,000 × 6 × 0.00153 (டிகிரிக்கு ஆவியாகும் பங்கு), சுமார் 9. மேக்கப்பில் குளோரைடு 100 பிபிஎம், பேசினில் (டவரின் அடித்தொட்டியில்) 400 என்றால் செறிவு 4 மடங்கு; ஆவி போக வெளியேறுவது 9 ÷ (4 − 1) = 3. மொத்தம் 12, கணக்கு சரி.

இப்போது பேசினில் 250-க்கு இறங்கியிருந்தால் 2.5 மடங்குதான், வெளியேறுவது 6. பிளோடவுன் (உப்பு சேராமலிருக்க நீங்களே வெளியே விடும் நீர்) 3 மட்டுமே என்றால் மீதி 3 சுற்றுக்குள் ஒழுகுகிறது. பிளோடவுன் வால்வு மூடியும் நீர் விடுகிறதா என்று முதலில் பாருங்கள். பல நேரம் கசிவு அங்கேதான் இருக்கும். 400 மாறவில்லையா? நீர் பேசினுக்கு வருமுன்பே போகிறது: மீட்டருக்கும் பேசினுக்கும் நடுவிலுள்ள லைனைத் தேடுங்கள், மீட்டரையும் சரிபாருங்கள்.

புதைத்த லைன் பக்கத்தில் மண் ஈரம். டிடிஎஸ் (கரைந்த உப்பு அளவு) எடுத்தால் கூலிங் வாட்டர் அளவுதான். உடைக்கலாமா? (புதுச்சேரி, மேட்டுப்பாளையம்)

வேண்டாம். கடலோரத்தில் நிலத்தடி நீரே உப்பாக இருக்கக்கூடும், டிடிஎஸ் ஏமாற்றிவிடும். ஈர நீரில் பாஸ்போனேட் (கூலிங் வாட்டரில் படிவம் தடுக்கப் போடும் மருந்து) சோதியுங்கள். நீங்கள் டோஸ் செய்யும் மருந்து அதில் இருந்தால் அது உங்கள் நீர். சந்தேகம் தீராவிட்டால் ஃப்ளோரசின் சாயம் கலந்து, இரவில் யூவி டார்ச் அடியுங்கள், பச்சையாக ஒளிரும். குளோரின் அந்தச் சாயத்தை வெளுத்துவிடும், அதனால் டோசிங்கை நிறுத்தி, மிச்சக் குளோரின் இறங்கியபின் கலக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தச் சோதனைகள் வேண்டாம். மழைநீர் எல்லாவற்றையும் நீர்த்துப்போக வைக்கும்.

ஐஸ் பிளான்ட் கன்டென்சர் நீரில் குளோரின் எவ்வளவு போட்டாலும் நிற்கவில்லை, பிஎச் ஏறுகிறது. (கடலூர் முதுநகர்)

பிளான்டைக் குளிர்விக்கும் அம்மோனியா, கன்டென்சர் ட்யூப் ஓட்டை வழியாக நீருக்குள் வருகிறது. அதன் அழுத்தம் நீரைவிட அதிகம் என்பதால் ஓட்டை சிறிதானாலும் வாயுதான் நீருக்குள் நுழையும், குளோரினையும் தின்றுவிடும். மேலும் குளோரின் ஊற்றாதீர்கள். ஒவ்வொரு கன்டென்சரின் உள், வெளி நீரிலும் பிஎச் எடுங்கள். எதில் கூடுகிறதோ அதுதான். அதன் நீரை வடித்து, மூடியைக் கழற்றி, அம்மோனியாவுக்கான வாயு முகமூடி அணிந்து, நனைத்த சிவப்பு லிட்மஸ் தாளை ஒவ்வொரு ட்யூப் வாயிலும் காட்டுங்கள். நீலமானால் அந்த ட்யூப். கண்டுபிடித்ததும் அம்மோனியாவை ரிசீவருக்கு (அதைச் சேர்த்து வைக்கும் கலன்) இழுத்து, கன்டென்சரில் அழுத்தம் இல்லை என்று உறுதிசெய்தபின் இரு முனையிலும் பிளக் அடியுங்கள்.

மூடிய சில்லர் (குளிர்நீர் இயந்திரம்) சுற்றில் துருத் தடுப்பு மருந்தான நைட்ரைட் குறைகிறது. கசிவா? (புதுச்சேரி)

கூடவே போடும் இன்னொரு துருத் தடுப்பு மருந்தான மாலிப்டேட்டும் சேர்ந்து குறைந்தால் கசிவு. நைட்ரைட் மட்டும் என்றால் பாக்டீரியா அதைத் தின்கிறது.