லேக் டாஹோவில் எந்த பீச்சுக்குப் போகலாம்?

கேள்வி: நாங்கள் கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கிறோம். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, நெவாடா எல்லையிலுள்ள மலை ஏரியான லேக் டாஹோ போகத் திட்டம். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். வயது 68, முழங்கால் வலி உண்டு. பிள்ளைகளுக்கு 4, 9 வயது. படங்களில் எமரால்டு பே பீச் அழகாக இருக்கிறது. அங்கேயே போகலாமா?

பதில்: எமரால்டு பேயை அம்மாவுக்கு மேலிருந்து காட்டுங்கள், போதும். சாலையோரம் இன்ஸ்பிரேஷன் பாயிண்ட்டில் நின்றாலே விரிகுடாவும் அதன் நடுவிலுள்ள குட்டித் தீவும் தெரியும். பீச் கீழே, வைக்கிங்ஸ்ஹோம் மாளிகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. போக ஒரு மைல் நடை, சுமார் 400 அடி இறக்கம். இறங்கும்போது முழங்கால் வலிக்கும். ஏறும்போது 6,000 அடிக்கு மேலான உயரத்தில் மூச்சு வாங்கும். சின்னவர் பாதி வழியில் "தூக்கு" என்று கையை நீட்டிவிடுவார், அது நிச்சயம்.

பீச்சைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். டாஹோவின் ஆழம் அதிகபட்சம் 501 மீட்டர். ஆகஸ்டில்கூட மேல் தண்ணீர் 18 முதல் 21 டிகிரி செல்சியஸ்தான். அந்த வெதுவெதுப்பும் மேலே மட்டும்தான்; காலைக் கீழே நீட்டினால் சுருக்கென்று குளிரும். மெரினாவில் கால் நனைத்த நினைப்பில் திடுதிப்பென்று குதித்தால் மூச்சு ஒரு கணம் அடைத்துக்கொள்ளும். நன்றாக நீந்துகிறவர்களையும் திணறடிப்பது இந்தக் குளிர்தான். முதலில் கணுக்கால், அப்புறம் முட்டி, அப்புறம் இடுப்பு என்று மெதுவாக இறங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தண்ணீரின் தெளிவு கண்ணை ஏமாற்றும். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம் போல இருக்கும், முட்டியளவு என்று நினைப்பீர்கள், காலை வைத்தால் மார்பளவு. டி.எல். பிளிஸ் பூங்காவிலுள்ள ரூபிகான் முனைப் பக்கம் கரையை ஒட்டியே பாறை செங்குத்தாக ஆழத்துக்குப் போகிறது. பார்க்க அற்புதமான இடம், ஆனால் நான்கு வயதுப் பிள்ளையோடு அங்கே நிற்க எனக்குத் தைரியம் வராது.

பலர் கவனிக்காதது காற்றை. கோடையில் காலை ஏரி கண்ணாடி போலக் கிடக்கும். மதியத்துக்கு மேல் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து காற்று கிளம்பும். அது வெதுவெதுப்பான மேல் தண்ணீரைக் கிழக்கே தள்ளும்; தொடர்ந்து பலமாக அடித்தால் மேற்குக் கரையில் அடியாழத்துக் குளிர்நீர் மேலே வந்துவிடும். நேற்று குளித்த அதே இடம் இன்று ஐஸ் போல இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தெற்குக் கரையிலுள்ள போப் பீச்சுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. மணல் நீளமாக, தண்ணீர் ஆழம் குறைவாக, பின்னால் பைன் மர நிழலோடு குடும்பங்களுக்கு நல்ல இடம்தான். ஆனால் மதியக் காற்று அங்கே கரையிலிருந்து ஏரியை நோக்கி வீசும். கரையோரம் அலையே இருக்காது, காற்றடைத்த மிதவையோ மெல்ல ஏரிக்குள் போய்க்கொண்டிருக்கும். வடக்கே கிங்ஸ் பீச்சில் நேர்மாறு: அலை வரும், ஆனால் மிதப்பவரைக் கரைக்கே தள்ளும்.

ஆகவே உங்களுக்கு என் தேர்வு கிங்ஸ் பீச். 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் ட்ரக்கி என்ற ஊர் வரை போய், 267-ஆம் எண் சாலையில் திரும்பினால் நேரே அங்கேதான் இறங்கும். ஊருக்குள்ளேயே இருக்கிறது, சமதளம், கழிப்பறை பக்கம், சாலையைக் கடந்தால் கடைகள். தண்ணீருக்குள் வெகுதூரம் போனாலும் ஆழம் மெதுவாகத்தான் கூடும். அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலியை நீரோரம் போட்டுக் கொடுங்கள். கல்லுப்புப் பருமனில் இருக்கும் அந்தக் கருங்கல் மணலில் கால் வைத்தபடி பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

உருண்டைப் பாறைகளும் பச்சை நீரும்தான் வேண்டுமென்றால் நெவாடா பக்கம் சாண்ட் ஹார்பர். அழகில் என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் கோடைக் காலையில் நுழைய முன்பதிவு கேட்கிறார்கள், நெடுஞ்சாலையோரம் வண்டியை விட்டுவிட்டு நடந்து போகவும் விடமாட்டார்கள். கிளம்பும் முன் பூங்காவின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். இடம் கிடைக்கவில்லையென்றால் அன்றைக்கு அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

எந்த பீச்சானாலும் சனிக்கிழமை காலை எட்டரைக்குள் அங்கே இருக்க வேண்டும். போக்குவரத்து இல்லாமலே நான்கு மணி நேரம் ஓட்டம் என்பதால் முந்தின இரவே ட்ரக்கியில் தங்குவது உத்தமம். மூத்த பிள்ளைக்குத் துடுப்புப்பலகை (பேடில்போர்டு) வாடகைக்கு எடுத்தால் உயிர்காப்பு உடுப்பையும் கேட்டு வாங்குங்கள். 13 வயதுக்குக் கீழே அது சட்டப்படி கட்டாயம். வெயில் சுடாதது போலத்தான் இருக்கும், ஆனால் இந்த உயரத்தில் தோல் சீக்கிரம் கருகும். சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தடவுங்கள்.

புளியோதரை டப்பாவைக் காரில் விட்டுவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். இங்கே கருங்கரடிகளுக்குக் கார்க் கதவைத் திறக்கத் தெரியும்.