மின்சாரக் கார் பக்கம்: அப்டேட்டில் என்ன மாறியது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாஃப்ட்வேர் அப்டேட் பற்றியவை. அதனால் இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். பாலிடெக்னிக்கில் மின்னியல் பாடம் நடத்திய அனுபவமும், கோவையில் 2021 முதல் மின்சாரக் கார் ஓட்டுகிற அனுபவமும் சேர்ந்துதான் இந்தப் பதில்கள்.

ஒரு வாரமாகக் கார் திரையில் 'புதிய அப்டேட் தயார், 40 நிமிடம் ஆகும், அதுவரை வண்டியை எடுக்க முடியாது' என்று வருகிறது. 'நல்லா ஓடுற வண்டியில எதுக்குக் கை வைக்கிறே' என்கிறார் அண்ணன். போடலாமா?
– வாசகி, ஈரோடு

போடுங்கள். ஆனால் இன்றைக்கே வேண்டாம், ஒரு பத்து நாள் பொறுங்கள். அதே வண்டி வைத்திருக்கும் நாலு பேர் போட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு போடுங்கள். 2023 நவம்பரில் அமெரிக்காவின் ரிவியன் நிறுவனம் அனுப்பிய ஓர் அப்டேட்டில் தவறான பாதுகாப்புச் சான்றிதழுள்ள கோப்பு போய்விட்டது. வண்டிகள் ஓடின, ஆனால் நடுத் திரை இருண்டுபோனது. முதலில் கொஞ்சம் வண்டிகளுக்கு மட்டும் அனுப்பியிருந்ததால் அதோடு நிறுத்த முடிந்தது. பொறுத்திருந்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அண்ணனின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த வண்டிகளில் பிரேக், பேட்டரி, மோட்டார் எல்லாவற்றிலும் சாஃப்ட்வேரின் கை இருக்கிறது. 2018-இல் பொருள்களைச் சோதித்து எழுதும் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் டெஸ்லா மாடல் 3-ஐ சோதித்தபோது, மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி தேவைப்பட்டது. டெஸ்லா ஓர் அப்டேட் அனுப்பியதும் அதே வண்டி 133 அடியில் நின்றது. 19 அடி என்றால் ஒரு காரின் நீளத்துக்கும் அதிகம். நம் ஊரிலும் 2022 ஜூலையில், டாடாவின் பழைய நெக்ஸான் ஈவி வைத்திருந்த 22,000 பேருக்கு மேல் க்ரூஸ் கன்ட்ரோலும் (ஒரே வேகத்தில் வண்டியைத் தானாக ஓட வைப்பது), வேண்டிய அளவு ரீஜென் (ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டியைப் பிடித்து, அந்தச் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்புவது) வைத்துக்கொள்ளும் வசதியும் சர்வீஸ் சென்டர் வழியாக இலவசமாகக் கிடைத்தன. வாங்கிய அன்று இல்லாத வசதி பிறகு வந்தது என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

போடுகிற நாளன்று ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மின்சாரக் காரிலும் பானட்டுக்குள் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. பல வண்டிகளில் அப்டேட் ஏறும்போது பெரிய பேட்டரி ஒதுங்கிக்கொள்ளும். கணினிப் பெட்டிகள் எல்லாம் இந்தச் சின்னதை நம்பித்தான் விழித்திருக்கும். பாதியில் இது இறங்கிவிட்டால் எழுதிக்கொண்டிருந்த பெட்டி பாதி எழுத்தோடு நின்றுவிடும், வண்டி கிளம்பாது. சர்வீஸ் சென்டரில் ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தப் பையன் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்பே சிவப்பு, கறுப்பு கிளிப் இரண்டையும் 12 வோல்ட் பேட்டரியில் மாட்டி, அந்தப் பேட்டரி இறங்காமல் தாங்கும் சப்போர்ட் சார்ஜரில் 13.6 வோல்ட் என்று வந்த பிறகுதான் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒயரைச் செருகினான். 'இதில்லாம போட்டா மாட்டிக்குவோம்ங்க மேடம்' என்றான். வீட்டில் போடும் உங்களுக்கு அந்தச் சார்ஜர் இருக்காது. அதனால் சின்ன பேட்டரி மூன்று, நான்கு வருடம் பழையதென்றால் முதலில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். அப்படியிருந்தால் அப்டேட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு பேட்டரிக் கடைக்குப் போங்கள். இரவில் போட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம். அவசர வேலை இல்லாத ஒரு காலை நேரத்தில், சர்வீஸ் சென்டர் திறந்திருக்கும் நாளில் போடுங்கள்.

அப்டேட்டுக்கு முன் முழு சார்ஜில் 240 கி.மீ. காட்டிய வண்டி இப்போது 215 காட்டுகிறது. நெல்லையிலிருந்து நாகர்கோவில் போய்வரும்போதும் சார்ஜ் சீக்கிரம் இறங்குவதுபோல் தெரிகிறது. பேட்டரியைக் குறைத்துவிட்டார்களா?
– வாசகர், திருநெல்வேலி

குறைத்திருக்கலாம், குறைக்காமலும் இருக்கலாம். திரையில் வரும் கிலோமீட்டரை வைத்து இதைச் சொல்லவே முடியாது. நீங்கள் சமீபத்தில் ஓட்டிய விதத்தை வைத்து வண்டி போடும் உத்தேசக் கணக்கு அது. பல வண்டிகளில் அப்டேட் ஏறியதும் பழைய சராசரி அழிந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். இன்னொன்று, உங்கள் கடிதம் ஆடி மாதம் எழுதப்பட்டிருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கிற காற்றுக்கு எதிரே 80-இல் போனால் எந்த வண்டிக்கும் சார்ஜ் கூடுதலாகத்தான் இறங்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன!

உண்மையைத் தெரிந்துகொள்ள நான் செய்வதைச் சொல்கிறேன். வீட்டுச் சார்ஜிங் பிளக்குக்கு முன்னால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, அதில் ஓடும் மின்சாரத்தை மட்டும் அளக்க ஒரு சப் மீட்டர் வைத்திருக்கிறேன். வண்டியை 20 சதவீதம் வரை ஓட்டிவிட்டு, 100 வரை ஏற்றுகிறேன். எத்தனை யூனிட் ஏறியது என்று குறித்துக்கொள்கிறேன். ஒரு கிலோவாட் ஹவர்தான் ஒரு யூனிட்; 30.2 கிலோவாட் ஹவர் பேட்டரிக்கு 80 சதவீதம் என்பது 24 யூனிட். சார்ஜரில் வெப்பமாகப் போவதையும் சேர்த்தால் மீட்டரில் ஏறக்குறைய 27 ஓடும். அப்டேட்டுக்கு முன்னும் 27, பின்னும் 27 என்றால் உங்கள் பேட்டரியில் யாரும் கை வைக்கவில்லை. திரையின் கணக்குதான் மாறியிருக்கிறது. 27 ஓடிய இடத்தில் 23 ஓடினால், உடனே நோட்டோடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். ஒரு தடவை அளந்ததை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இரண்டு, மூன்று தடவை அளங்கள்.

நீங்கள் சந்தேகப்படுவது ஒருபோதும் நடக்காத காரியம் இல்லை. 2019-இல் டெஸ்லா பழைய மாடல் எஸ் வண்டிகளுக்கு அனுப்பிய ஓர் அப்டேட், பேட்டரியின் உச்ச வோல்டேஜைக் குறைத்தது. முழு சார்ஜில் ஓடும் தூரம் குறைந்தது. உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2021-இல் 1,743 வண்டிகளுக்காக 15 லட்சம் டாலரில் சமரசம் ஆனது; ஒவ்வொருவருக்கும் 625 டாலர். வண்டியின் பழைய அளவும் புதிய அளவும் கையில் இருந்தால்தான் இப்படிக் கேள்வி கேட்க முடியும். எதிர்ப்பக்கமும் உண்டு. 2023 பிப்ரவரியில் நெக்ஸான் ஈவி மேக்ஸ் வண்டிகளுக்கு வந்த அப்டேட், சான்றளிக்கப்பட்ட தூரத்தை 437-லிருந்து 453 கி.மீ. ஆக்கியது. பேட்டரி அதேதான், அதை நடத்தும் விதம் மட்டும் மாறியது.

நாளைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வண்டியில் வையுங்கள். தேதி, ஓடோமீட்டர், சாஃப்ட்வேர் பதிப்பு எண், 20-லிருந்து 100-க்கு ஏறிய யூனிட். அவ்வளவு போதும். பதிப்பு எண் வரும் திரையைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வதும் நல்லது.

வழக்கமான சர்வீஸுக்கு விட்டேன். திரும்பி வந்தபோது என்னைக் கேட்காமலே அப்டேட் போட்டிருந்தார்கள். பில்லில் ஒரு வரிதான். இது சரியா?
– வாசகர், திண்டுக்கல்

சரியில்லை. எனக்கும் இது நடந்திருப்பதால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு, மே மாதம். சர்வீஸிலிருந்து வண்டி வந்தது. பில்லில் 'சாஃப்ட்வேர் அப்டேட், செய்யப்பட்டது' என்று இருந்தது, வேறு விவரம் இல்லை. அந்த ஞாயிறு அம்மாவை அழைத்துக்கொண்டு கோத்தகிரி போனேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது அரவேணு தாண்டி ஒரு வளைவுக்கு முன்னால் வழக்கம்போல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வண்டி பிடித்துக்கொள்ளவே இல்லை, வழிந்துகொண்டே போனது. பிரேக்கை அழுத்தி வளைந்தேன். அடுத்த வளைவிலும் அப்படியே. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்திருந்தது. குஞ்சப்பனையில் டீக்கடை ஓரம் நிறுத்தி இறங்கினால் முன்சக்கரத்திலிருந்து பிரேக் தீய்ந்த வாசனை.

மீட்டர் திரையைப் பார்த்தேன். நான் எப்போதும் 3-இல் வைத்திருக்கும் ரீஜென் 1-இல் இருந்தது. அப்டேட் ஏறியபோது என் அமைப்புகள் எல்லாம் அழிந்து, ஆலையில் வைத்த நிலைக்குப் போய்விட்டன. மூன்றாக மாற்ற இரண்டு நொடி ஆனது. மேட்டுப்பாளையம் வரை மிச்ச மலையை அதன்பின் நிம்மதியாக இறங்கினேன். (மலைமேல் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினாலும் ரீஜென் பிடிக்காது, பேட்டரியில் இடம் இருக்காது. அன்று எனக்கு 61 சதவீதம்தான்.)

திங்கட்கிழமை போய்க் கேட்டேன். 'அப்டேட் போட்டா ரீசெட் ஆயிடும்ங்க மேடம், எல்லா வண்டிக்கும் அப்படித்தானுங்க' என்றார் மேலாளர். எல்லா வண்டிக்கும் அப்படித்தான் என்று தெரிந்தவர், சாவியைக் கையில் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். மலையடிவாரத்து ஊர்களில் சர்வீஸ் சென்டர் நடத்துகிறவர்கள் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை அது. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. ஐக்கிய நாடுகளின் வாகன விதி எண் 156 சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கென்றே எழுதப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய வண்டிகளுக்கும் அது கட்டாயம். காற்றுவழியில், அதாவது ஒயரில்லாமல் இணையம் வழியாக, அப்டேட் வரும்போது அது எதற்காக, என்னென்ன மாறுகிறது, எவ்வளவு நேரமாகும், அந்நேரம் எது வேலை செய்யாது என்று போடுவதற்கு முன்பே உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. போதிய மின்சாரம் இருந்தால்தான் தொடங்க வேண்டும், பாதியில் கெட்டால் பழைய பதிப்புக்கோ பாதுகாப்பான நிலைக்கோ வண்டி திரும்ப வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. நம் நாட்டிலும் அதே வழியில் ஏஐஎஸ்-190 என்ற தரம் எழுதப்பட்டிருக்கிறது. காற்றில் வரும் அப்டேட்டுக்கு வேண்டிய விளக்கம், ஒயரில் போடும் அப்டேட்டுக்கு மட்டும் எப்படி வேண்டாததாகும்?

அடுத்த முறை வண்டியை விடும்போது ஜாப் கார்டில் உங்கள் கையாலேயே எழுதுங்கள்: 'அப்டேட் இருந்தால் போடுமுன் போனில் சொல்லவும். மாற்றங்களின் பட்டியல் வேண்டும்.' நான் இப்போது எழுதுகிறேன், போன் வருகிறது. வண்டியை எடுத்ததும் கேட்டைத் தாண்டுமுன் ரீஜென், டிரைவ் மோட், சார்ஜ் வரம்பு, டயர் காற்று எச்சரிக்கை நான்கையும் பாருங்கள். கொடைக்கானல் ஏறி இறங்குகிறவர் நீங்கள், ரீஜெனைக் கட்டாயம் பாருங்கள்.

பேட்டரியில் கோளாறு என்று திரும்ப அழைத்து, அப்டேட் மட்டும் போட்டு அனுப்பினால் நம்பலாமா?
– வாசகர், ஓசூர்

கோளாறு எங்கே என்பதைப் பொறுத்தது. பேட்டரிக்குள் இருக்கும் செல்லிலேயே குறை இருந்தால் அப்டேட்டால் அதைக் கண்காணிக்கலாம், சார்ஜைக் குறைத்து ஆபத்தைத் தள்ளிவைக்கலாம். குணப்படுத்த முடியாது. ஷெவர்லே போல்ட் வண்டிகளுக்கு 2020 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் 90 சதவீதத்துக்கு மேல் ஏறாதபடி சாஃப்ட்வேர் போட்டது. அது போதாமல் 2021-இல் பேட்டரியையே மாற்ற முன்வந்தது. ஹூண்டாய் கோனாவுக்கும் முதலில் சாஃப்ட்வேர்தான். பிறகு 2021-இல் உலகம் முழுவதும் கோனா உட்பட சுமார் 82,000 வாகனங்களுக்கு பேட்டரி மாற்றம் அறிவிக்கப்பட்டது. அதனால் 'இது தற்காலிகமா, முடிவான தீர்வா' என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை வண்டியை வீட்டுக்கு ஒட்டி நிறுத்தி இரவெல்லாம் சார்ஜ் போட வேண்டாம்.

2021 மாடல் மின்சாரக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கப் போகிறேன். முன்பிருந்தவர் எந்த அப்டேட்டும் போடவில்லையாம். பரவாயில்லையா?
– வாசகி, தாம்பரம்

பரவாயில்லை, விலையைக் குறைத்துக் கேட்க ஒரு காரணம் கிடைத்தது. முன்பணம் கொடுக்குமுன் சேசிஸ் எண்ணைச் சொல்லி அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் நிலுவை அப்டேட்டுகள் என்னென்ன, திரும்ப அழைப்பு ஏதாவது உண்டா என்று கேளுங்கள். அவற்றை விற்கிறவரே போட்டுத் தரட்டும். செல்போன் செயலியில் வண்டி இன்னும் அவர் பெயரில் இருந்தால், பணம் கைமாறும் அதே நேரத்தில் உங்கள் எண்ணுக்கு மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பது அவர் போனில் தெரியும், அப்டேட் அறிவிப்பும் அவருக்கே போகும்.