தண்ணீரில் நிற்கும் கீரை மதியத்தில் வாடுவது ஏன்?

கேள்வி: வணக்கம் ஐயா. சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் சமூகத் தோட்டத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து மண்ணில்லாமல் குழாய் முறையில் கங்கோங், தண்டுக்கீரை, சாய் சிம், கொஞ்சம் லெட்டியூஸ் போட்டிருக்கிறோம். 200 லிட்டர் டேங்க், பம்ப் நாள் முழுக்க ஓடுகிறது. வேர் எப்போதும் தண்ணீரில்தான் இருக்கிறது. ஆனாலும் மதியம் ஆனால் இலை துவண்டு தொங்குகிறது, பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துகொள்கிறது. லெட்டியூஸின் குருத்து ஓரம் கருகுகிறது. இலை வெளிறியிருந்ததால் உரம் போதவில்லை என்று நினைத்து, இரண்டு வாரத்தில் கால் கிலோ யூரியா வரை கரைத்து ஊற்றினோம். வெல்லம் போட்டுப் புளிக்கவைத்த மீன் அமிலமும் அரை லிட்டர் விட்டோம். கரைசலின் மின்கடத்தலை அளக்கும் இ.சி. மீட்டர் காலையில் 2.4தான் காட்டுகிறது. தண்ணீர் குறைந்தால் உரக் கரைசலைத்தான் ஊற்றி நிரப்புகிறோம். இன்னும் என்ன உரம் சேர்க்கலாம்?

பதில்: வணக்கம் சகோதரி. இன்னும் எதையும் சேர்க்காதீர்கள். உங்கள் கீரைக்கு இப்போது பசி இல்லை, தாகம்தான். டேங்க் நிறையத் தண்ணீர் இருக்கிறது, ஆனால் அதை வெயில் நேரத்துக்கு வேண்டிய வேகத்தில் வேரால் இழுக்க முடியவில்லை. காரணம், தண்ணீரில் கரைந்திருப்பவை மிதமிஞ்சிப் போனதுதான். மீட்டர் அதில் பாதிக் கதையை மட்டும் சொல்லியிருக்கிறது.

வேரின் செல்லுக்குள் சர்க்கரை, பொட்டாசியம், கரிம அமிலங்கள் என்று பலதும் கரைந்திருக்கின்றன. வெளியே இருப்பதைவிட உள்ளே செறிவு அதிகமாக இருப்பதால் தண்ணீர் சவ்வைத் தாண்டி உள்ளே போகிறது. மேலே இலையிலிருந்து நீர் ஆவியாகப் போகப் போக, அந்த இழுவையும் சேர்ந்துகொள்கிறது. வெளியே செறிவு ஏறினால் இந்த வித்தியாசம் குறையும். வெள்ளரிப் பிஞ்சில் உப்பைத் தூவி வைத்தால் நீர் விட்டுக்கொள்வதும் இதே சவ்வூடு பரவலால்தான், அங்கே வெளிப்பக்கம் ஜெயித்துவிடுகிறது. உங்கள் டேங்க்கில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. காலையிலும் மாலையிலும் வேர் சமாளித்துவிடுகிறது. மதியம் 32, 33 டிகிரி வெயிலில் இலை கேட்கும் அளவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. அதனால்தான் மாலையில் நிமிர்கிறது.

இனி மீட்டர் விஷயத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இது புரிந்துவிட்டால் பாதி உரச் செலவு மிச்சம்.

வில்ஹெல்ம் ஃபெஃபர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர், செடிக்குள் நீர் எப்படிப் போகிறது என்று அறிய ஒரு நுண்துளை மண்கலத்தின் சுவரில் சவ்வு ஒன்றை உருவாக்கி, உள்ளே சர்க்கரைக் கரைசலை வைத்து அழுத்தத்தை அளந்தார். 1877இல் வெளியான அளவீடு அது. 1 சதவீதச் சர்க்கரைக் கரைசலுக்குக் கிட்டத்தட்ட 0.7 வளிமண்டல அழுத்தம் வந்தது. பத்து வருஷத்துக்குள் வான்ட் ஹோஃப் என்ற டச்சு வேதியியலாளர் அந்த எண்களை எடுத்து ஒரு விதியாக்கினார்: அழுத்தம் என்பது கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கையையும் வெப்பநிலையையும் பொறுத்தது. நீர்த்த கரைசலில் அந்தத் துகள் சர்க்கரையா, உப்பா, யூரியாவா என்பது கணக்கில் வராது. 1901இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு இவருக்குத்தான் கிடைத்தது. உறைநிலை இறங்குவது, கொதிநிலை ஏறுவது, ஆவியழுத்தம் குறைவது, சவ்வூடு பரவல் அழுத்தம் ஆகிய நான்கும் இப்படித் துகள் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவை. பாடப் புத்தகத்தில் தொகைசார் பண்புகள் என்று வரும். நம் ஊரில் பனி விழாது, கீரைக்காரருக்கு வேண்டியது நான்காவதுதான்.

இதை உரத்துக்குப் பொருத்திப் பாருங்கள். 1 லிட்டர் தண்ணீரில் 1 கிராம் பொருளைக் கரைத்து, 30 டிகிரியில் கணக்குப் போட்டால் சமையல் உப்பு ஏறத்தாழ 0.85 வளிமண்டலம் தருகிறது. பொட்டாசியம் நைட்ரேட் 0.49, யூரியா 0.41, படிக நீரோடு கூடிய கால்சியம் நைட்ரேட் 0.32. சர்க்கரை வெறும் 0.07. எடை ஒன்றுதான், இவ்வளவு வித்தியாசம் வருகிறது. உப்பின் மூலக்கூற்று எடை குறைவு, கரைந்ததும் சோடியம், குளோரைடு என இரண்டாகப் பிரிந்து எண்ணிக்கையும் இரட்டிப்பாகிறது. கால்சியம் நைட்ரேட் மூன்றாகப் பிரிந்தாலும் எடை கூடிய பொருள் என்பதால் கிராமுக்குக் குறைவாகவே வருகிறது. சர்க்கரை பெரிய மூலக்கூறு, பிரிவதும் இல்லை.

யூரியாவும் பிரிவதில்லை. முழு மூலக்கூறாகவே மிதக்கும், மின்னூட்டம் கிடையாது. உங்கள் இ.சி. மீட்டர் அளப்பது மின்சாரம் பாய்வதை. அயனிகள் இருந்தால்தான் மின்சாரம் பாயும். ஆகவே யூரியா எவ்வளவு போட்டாலும் மீட்டர் அசையாது. வேரோ ஒவ்வொரு மூலக்கூற்றையும் உணரும்.

உங்கள் கணக்கைப் போட்டுவிடுவோம். உரக் கரைசலின் இ.சி.யை 0.36 ஆல் பெருக்கினால் சவ்வூடு பரவல் அழுத்தம் வளிமண்டலத்தில் கிடைக்கும், இது மண் உவர்ப்பு பார்ப்பவர்கள் நெடுநாளாகப் பயன்படுத்தும் வாய்ப்பாடு. 2.4க்கு 0.86 வருகிறது. கால் கிலோ யூரியாவை 200 லிட்டரில் போட்டால் லிட்டருக்கு 1.25 கிராம், அதற்கு 0.52. இரண்டும் சேர்ந்து 1.4 வளிமண்டலம். வேரைப் பொறுத்தவரை டேங்க்கின் இ.சி. 2.4 இல்லை, 3.8. யூரியாவில் கொஞ்சம் செடி எடுத்திருக்கும், கொஞ்சம் சிதைந்திருக்கும், சரியாக இவ்வளவு இருக்காது. இருந்தாலும் லெட்டியூஸுக்கு வழக்கமாக வைப்பது 1.2 முதல் 1.8 வரை. அதன் இரண்டு மடங்குக்கும் மேலே நிற்கிறீர்கள்.

நீங்கள் அளந்தது காலையில் வேறு. வெயிலில் செடி உப்பைவிடத் தண்ணீரைத்தான் வேகமாகக் குடிக்கும். மதியத்துக்குள் 40 லிட்டர் இறங்கிவிட்டால் காலையில் 2.4 இருந்த கரைசல் 3.0ஐ நெருங்கிவிடும், யூரியாவும் அதே விகிதத்தில் செறியும். அந்த நேரத்தில் உரக் கரைசலை ஊற்றி நிரப்பினால் குடிக்கத் தண்ணீர் கேட்டவருக்கு உப்புக்கரைசல் கொடுத்தது போல் ஆகிறது. நிரப்புவதற்கு வெறும் குழாய்த் தண்ணீர்தான், எப்போதும். நமது குழாய் நீரில் ஒரு பங்கு கடல்நீரைச் சுத்திகரித்து வருவது. கடலின் சவ்வூடு பரவல் அழுத்தம் 20 வளிமண்டலத்துக்கும் மேல், அதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாக அழுத்தித்தான் துவாஸ் ஆலையில் அந்த நீரைப் பிரித்தெடுக்கிறார்கள். அத்தனை பாடுபட்டு உப்பை நீக்கித் தந்த தண்ணீரில் நாமே அளவில்லாமல் உப்பைச் சேர்ப்பது மனதுக்கு வருத்தமாக இருக்கிறது.

மீன் அமிலம் வேறு விதமான தொல்லை. அதில் உள்ள வெல்லத்தின் அழுத்தம் சொற்பம், அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சர்க்கரையும் புரதத் துணுக்குகளும் பாக்டீரியாவுக்கு விருந்து. அவை பெருகித் தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். வெந்நீராகிப் போன குழாயில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைவு: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும், 35 டிகிரியில் 7தான். மூச்சு முட்டும் வேர் தண்ணீரை இழுக்காது. மீன் அமிலம் மண் பாத்திக்கு நல்ல பொருள், நானும் சிபாரிசு செய்வதுண்டு. சுழலும் டேங்க்கில் வேண்டாம்.

ஆகவே முதலில் ஒரு செடியைக் கூடையோடு தூக்கி வேரைப் பாருங்கள். வெள்ளையாக, விறைப்பாக, விரலால் உருவினால் தோல் கழலாமல் இருந்தால் பிரச்சினை செறிவு மட்டும்தான். பழுப்பாகி, வழுவழுவென்று, உருவினால் மேல்தோல் கையோடு வந்து உள்ளே நூல் போல மிஞ்சினால், நாற்றமும் அடித்தால், பித்தியம் என்ற பூஞ்சை போன்ற கிருமியால் வரும் வேரழுகல் வந்துவிட்டது. அந்தச் செடிகளை எடுத்துவிடுங்கள், தேறாது.

செறிவைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு, உங்கள் தோட்டத்துக்கு வரும் பிள்ளைகளுக்கும் காட்டலாம். கங்கோங் தண்டை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, நெடுக்காக நான்கு கீற்றாகக் கிழியுங்கள். ஒன்றைக் குழாய்த் தண்ணீரிலும், ஒன்றை மதிய டேங்க் தண்ணீரிலும், ஒன்றை ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்ட நீரிலும் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். குழாய் நீரில் போட்டது வெளிப்பக்கமாக நன்றாகச் சுருண்டுவிடும். உள்புறத்து மெல்லிய செல்கள் நீர் குடித்து உப்புகின்றன, வெளித்தோல் விரிந்து கொடுப்பதில்லை, அதனால் வளைகிறது. உப்பு நீரில் போட்டது நீரை இழந்து தொய்ந்து கிடக்கும். டேங்க் நீரில் போட்டதும் சுருளத்தான் செய்யும், ஆனால் குழாய் நீரில் போட்ட அளவுக்குச் சுருளாது. மீட்டருக்குத் தெரியாத யூரியாவும் இந்தக் கீற்றுக்குத் தெரியும்.

சரி, செய்ய வேண்டியது. டேங்க்கை முழுவதும் காலி செய்யுங்கள், நீர் ஊற்றிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று இனி யாருக்கும் தெரியாது. குழாய்களில் ஒரு மணி நேரம் வெறும் தண்ணீரை ஓட்டிக் கழுவுங்கள். புதுத் தண்ணீரின் இ.சி.யை முதலில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, ஏ, பி என்று இரண்டு பகுதியாக வரும் உரத்தில் முதலில் ஏ கலந்து, நன்றாகக் கலக்கிய பின் பி. இரண்டையும் நேராக ஒன்றோடொன்று ஊற்றினால் கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும், படிந்தது செடிக்கு உதவாது. வாடிய செடிகளுக்கு முதல் மூன்று நாள் 1.2 போதும். அப்புறம் கங்கோங், சாய் சிம், தண்டுக்கீரைக்கு 1.6 வரை ஏற்றலாம். லெட்டியூஸ் அதே டேங்க்கில் இருந்தால் 1.4ஐத் தாண்டாதீர்கள். முடிந்தால் லெட்டியூஸுக்குத் தனி டேங்க் வையுங்கள், நம் வெயிலில் அதற்கு நீர்த்த கரைசல்தான் ஒத்துவருகிறது. சிலரிடம் பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று காட்டும் மீட்டர் இருக்கும். அதே 2.0 இ.சி. ஒரு மீட்டரில் 1000 என்றும் இன்னொன்றில் 1400 என்றும் வரும், ஆளுக்கொரு மீட்டரால் அளந்து குழம்பாதீர்கள்.

தினமும் மதியம் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை டேங்க்கின் கோடு வரை வெறும் தண்ணீர் விடுங்கள். மிதவை வால்வு பொருத்தினால் அந்த வேலையும் மிச்சம். மாலையில் நிரப்பிய பிறகு அளந்து, இலக்குக்குக் கீழே இருந்தால் மட்டும் ஏ, பி சேருங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை முழுக் கரைசலையும் மாற்றிவிடுங்கள். டேங்க்கை நிழலில் வைத்து மூடியே வையுங்கள், பாசியும் பிடிக்காது, ஏடிஸ் கொசுவும் முட்டையிடாது. குழாய்க்கு மேலே நிழல்வலை கட்டினால் நீரும் சூடேறாது, இலையும் அவ்வளவு தண்ணீர் கேட்காது.

ஆரம்பத்தில் இலை வெளிறியது ஏன் என்பதையும் பார்த்துவிடுங்கள். அடியிலைகள் முழுதாக மஞ்சளானால் நைட்ரஜன் குறைவு. குருத்திலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை, அப்போது அமிலத்தன்மையைப் பாருங்கள், பி.எச். 5.5 முதல் 6.5க்குள் இருக்க வேண்டும். யூரியா சிதையும்போது அம்மோனியமாகவும் பைகார்பனேட்டாகவும் மாறி பி.எச்.சை ஏற்றிவிடும், இரும்பு இன்னும் கிடைக்காமல் போகும். எதுவுமே சேர்க்காமல் சில நாளில் மீட்டர் தானாக ஏறியிருந்தால் அதுவும் இந்த யூரியா அயனியாக மாறியதன் அடையாளம்.

லெட்டியூஸ் குருத்து கருகியது கால்சியம் போய்ச் சேராததால். கால்சியம் நீரோட்டத்தோடு மட்டுமே மேலே ஏறும், நீர் ஏறாதபோது குருத்துக்கு எட்டாது. டேங்க்கில் கால்சியம் எவ்வளவு இருந்தும் பயனில்லை, கூடுதலாகப் போடவும் வேண்டாம். கருகிய ஓரம் திரும்பப் பச்சையாகாது. ஒரு வாரத்தில் வரும் புதுக் குருத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

காலி செய்யும் 200 லிட்டரை வடிகாலில் கொட்டிவிடாதீர்கள். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, அந்த வாய்க்கால்கள் நீர்த்தேக்கத்தில் போய்ச் சேருகின்றன. ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, தரையில் நிற்கும் வாழைக்கும் பாண்டானுக்கும் நாலைந்து நாளாகப் பிரித்து ஊற்றுங்கள். மிச்சமிருக்கும் யூரியாவையும் வீசிவிட வேண்டாம். அதைச் சிதைத்துக் கொடுக்கும் பாக்டீரியா மண்ணில் ஏராளம். முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் தூரிலிருந்து ஓரடி தள்ளி ஒரு தேக்கரண்டி தூவி, மண்ணைக் கிளறி மூடி, உடனே தண்ணீர் விடுங்கள்.